இஷாவுக்குப் பின் வீட்டாரின் உரிமை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற குடும்ப நல அமர்வில், சமரசக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நம் ஆண்டறிக்கையில் வரவு செலவு இடம்பெறும். நிக்காஹ் பதிவுகள் இடம்பெறும். மையவாடிச் சுவர் எழுப்பிய கணக்கு செங்கல் விலை வரையில் இடம்பெறும். சமரசக் குழுவுக்கு வந்த முறையீடுகளைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி இருக்கும். 'பேசித் தீர்க்கப்பட்டன' என்பதே அந்த வரி. பல ஆண்டுகளாக அதனையே எழுதி வருகிறோம். அது முழு உண்மை அன்று என்பதை உங்கள் முன் ஒப்புக்கொள்வதற்காகவே இன்று பேச முன்வந்தோம்.

நகைத் தகராறு, தலாக் பேச்சு, அடிதடி என்று வருபவற்றுக்குக் கோப்பு உண்டு, கையொப்பம் உண்டு, அடுத்த தேதி உண்டு. கோப்பே இல்லாத முறையீடு ஒன்று இருக்கிறது. பிள்ளையின் மதரஸா கட்டணத்தைச் செலுத்த வந்த பெண், ரசீதை வாங்கிய பின்னும் போகாமல் நிற்பார். 'வழக்கென்று ஒன்றும் இல்லை பெரியத்தா, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்' என்பார். அடிப்பதில்லை, குடிப்பதில்லை, வேறு பெண் தொடர்பும் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வருவது உறங்குவதற்கு மட்டுமே. இரவு பன்னிரண்டு, ஒரு மணி. காலையில் எழுந்து கடைக்குப் போய்விடுவார். பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பது கூட அவருக்குத் திட்டமாகத் தெரியாது. இவ்வளவுதான் முறையீடு. இதற்கு எந்தப் பஞ்சாயத்தைக் கூட்டுவது என்று அப்பெண்ணுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியவில்லை. ஆகவே நாங்கள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினோம்: பொறுமையாக இரும்மா.

அப்படி அனுப்பப்பட்ட ஒரு சகோதரி, நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தார். அவருடைய செய்தியை அவர் அனுமதியுடன், வீட்டு அடையாளத்தை மாற்றிச் சொல்கிறோம். இது எந்தத் தெரு, எந்த வீடு என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

அவர் கணவர் பதினொரு ஆண்டுகள் ரியாத்தில் சபராளியாக இருந்தவர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாத விடுமுறையில் வருவார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் பெருநாள்தான். வந்தவரை எந்த வேலையும் செய்ய விடமாட்டார்கள். 'வெயிலிலே கஷ்டப்பட்டு வந்த பிள்ளை' என்று தாயார் எலும்புக் குழம்பு வைப்பார். மச்சினன்மார் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். ரேஷன் அட்டை, மின்கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கூரை ஒழுக்குக்கு ஆள் பிடிப்பது ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே பார்த்து வந்தார். சபராளியின் மனைவி வேறு என்ன செய்வார்? பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பின்னர் அவர் நிரந்தரமாக ஊர் திரும்பிப் பஜாரில் ஒரு கடை வைத்தார். கடை இரவு ஒன்பதரைக்குச் சாத்தப்படும். வீடு கூப்பிடு தூரம். ஆனால் அவர் வீடு சேரும் நேரம் ஒரு மணி. இடைப்பட்ட மூன்றரை மணி நேரமும் டீக்கடைப் பெஞ்சிலும், கேரம் பலகையிலும், சும்மா நின்று பேசும் மூலையிலும் கழியும். அவர் தீயவர் அல்லர், முன்வரிசைத் தொழுகையாளி. வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்காவிட்டால் மறந்துவிடுவார்.

அந்தச் சகோதரி எங்களிடம் சொன்னது இதுதான்: 'பொறுமையாக இருக்கச் சொன்னீர்கள். இருந்தேன். அவர் செய்ய வேண்டியதையும் சேர்த்து நானே செய்தேன். இப்போது பெரியவனுக்குப் பதினைந்து வயது. அவனும் இஷா தொழுதுவிட்டு வெளியே போனால் பதினொரு மணிக்குத்தான் வருகிறான். அவனைக் கேட்டால், அத்தா வரட்டும், அப்புறம் என்னைக் கேளுங்கள் என்கிறான். இதற்கும் பொறுமையாகத்தான் இருக்க வேண்டுமா?'

அன்று எங்களில் மூவர் அமர்ந்திருந்தோம். மூவரும் தரையைப் பார்த்தோம்.

பெருமக்களே! பொறுமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. நோயிலும் இழப்பிலும் பொறுமையைப் போல் துணை வேறில்லை. ஆனால் ஒருவர் தம் கடமையைச் செய்யாமல் இருப்பதும், மற்றவர் அதைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டு வாய் மூடி இருப்பதும் பொறுமை என்ற பெயருக்கு உரியனவா? அங்கே பொறுப்பது ஒருவர், இளைப்பாறுவது இன்னொருவர். கணவர் வராத குறை தெரியாதபடி அந்த வீடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவர் வராததால் ஒரு விளக்குக் கூட அணையவில்லை. அவருக்கு வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று. வேலையில்லாத இடத்தில் ஆண்மகன் விருந்தாளியாகத்தான் இருப்பான். இதில் குற்றம் அந்தப் பெண்ணுடையது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வராமல் இருந்தவர் அவர். அவரைக் கேட்காமல் இருந்தவர்கள் நாங்கள்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதை ஹஜ்ரத் அவர்கள் எங்களைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம். நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் வெறுத்தார்கள் என்பது அபூபர்ஸா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் வரும் செய்தி. இதைக் கேட்டதும், 'பார், ராத்திரியில் பேச்சே கூடாது என்கிறார்கள்' என்று வீட்டிலும் வாயை மூடிக்கொள்ளும் கணவர்கள் இருக்கக்கூடும்! அவர்களுக்காக மற்றொரு செய்தியும் அதே நூலில் இருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் ஓரிரவு தங்கினார்கள். நபியவர்கள் உறங்குமுன் தம் துணைவியாருடன் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்ததை அவர்கள் அறிவிக்கிறார்கள். வெளியே பேசுவதை வெறுத்தவர்கள், வீட்டாருடன் பேசுவதற்கு இரவில் நேரம் வைத்திருந்தார்கள்.

ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) ஆகியோரின் வரலாறும் நீங்கள் அறிந்ததே. நபியவர்களால் சகோதரர்களாக இணைக்கப்பட்ட இருவர் அவர்கள். ஸல்மான் அவர்கள் ஒருநாள் அபூதர்தாவின் வீட்டுக்கு வந்தபோது, உம்முதர்தா அவர்கள் தம்மைப் பேணாத கோலத்தில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு உலகத்தின் மீது நாட்டமில்லை என்று அந்த அம்மையார் சொன்னார்கள். அன்றிரவு அபூதர்தா தொழ எழும்போதெல்லாம் ஸல்மான் அவர்கள் தடுத்து உறங்கச் சொன்னார்கள். கடைசி இரவில்தான் இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கு உரிமை இருப்பதுபோல் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் அவர்கள் எடுத்துரைத்ததை நபியவர்கள் சரி என்றார்கள். இதில் எங்களை நிறுத்தியது ஒன்று. அபூதர்தா அவர்கள் கேரம் ஆடப் போகவில்லை, இரவெல்லாம் தொழுதார்கள். அதற்கே வீட்டாரின் உரிமையை விட்டுக்கொடுக்க இடமில்லை என்றால் டீக்கடைப் பெஞ்சுக்கு ஏது இடம்? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அம்மையார் முறையீடு செய்யவில்லை. வீட்டுக்கு வந்த நண்பர் பார்த்தார், கேட்டார், அன்றிரவே பேசினார். இந்த ஊரில் அந்தக் கணவருக்கு நண்பர்கள் எத்தனையோ பேர். 'வீட்டுக்குப் போடா' என்று சொன்ன ஸல்மான் ஒருவரும் அவர்களில் இல்லை.

இனி, ஏன் வெளியே தங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் கண்டிப்பது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதாகும். சிலருக்கு வெறும் பழக்கம். திருமணத்திற்கு முன் இருந்த கூட்டத்தை விட மனம் வருவதில்லை. சிலருடைய வீட்டில் தாயாருக்கும் மனைவிக்கும் இடையே நடப்பதைக் கேட்கத் திராணியில்லை. இருவரும் உறங்கிய பின் வருவதே நலம் என்று கணக்கிடுகிறார்கள். சிலருக்குக் கடன்.

இந்தக் கடன் விஷயத்தில் எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பத்தில் கணவர் தாமதமாக வருகிறார் என்ற முறையீட்டின் பேரில் அவரை அழைத்து, மூன்று பேராகச் சேர்ந்து கடிந்து பேசினோம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வீட்டுக்கே வரவில்லை. பிறகுதான் செய்தி தெரிந்தது. ஏலச்சீட்டில் இழந்த தொகையை ஈடு செய்ய, மனைவியின் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்திருக்கிறார். 'நகை எங்கே' என்ற கேள்வி எந்த நேரமும் வரலாம் என்ற அச்சத்தில், மனைவி விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. நாங்கள் நேரத்தைக் கேட்டோம். கணக்கைக் கேட்டிருக்க வேண்டும். கைப்பேசியில் பணம் வைத்து ஆடிக் கெட்டவர்களின் நிலையும் இதுவே. அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றியது. ஆனால் முன்னரே பட்ட கடனைச் சட்டம் வந்து அடைப்பதில்லை. குடிப்பழக்கம் இருந்தால் அது வேறு. அதற்கு உபதேசம் போதாது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உறக்கமின்றி, யாரிடமும் பேசப் பிடிக்காமல், இருட்டில் தனியே உட்கார்ந்திருக்கும் ஆணுக்கும் மருத்துவரே தேவை.

சபராளியாக இருந்து திரும்பியவர்களின் நிலை தனியானது; நம் மஹல்லாவில் இதுவே மிகுதி என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். பத்து, பதினைந்து ஆண்டுகள் வீட்டைத் தொலைபேசியில் மட்டும் நடத்தியவருக்கு, வீட்டுக்குள் தம் இடம் எது என்று தெரிவதில்லை. பிள்ளைகள் அவரிடம் அனுமதி கேட்பதில்லை, உம்மாவிடம் கேட்கிறார்கள். அவர் ஒன்று சொன்னால், 'இங்கே அப்படி இல்லை, உங்களுக்குத் தெரியாது' என்ற பதில் வருகிறது. அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கிறது. அங்கே அறையில் எட்டுப் பேருடன் உண்டு, பேசி, உறங்கிப் பழகியவருக்கு, அந்த அறையைப் போன்ற இடம் ஊரில் டீக்கடைதான். இது விளக்கமே தவிர மன்னிப்பு அன்று. மனைவியும் பதினொரு ஆண்டுகள் தனியேதான் இருந்தார். அவர் எந்தப் பெஞ்சுக்கும் போகவில்லை.

சகோதரிகளே, உங்களுக்கும் சில சொல்ல விரும்புகிறோம். இவற்றுள் பலவும் எங்கள் அறிவில் உதித்தவை அல்ல. எங்கள் குழுவில் சேர்க்கப்பட்டுள்ள மூத்த சகோதரிகள் இருவர், வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை.

ஒரு மணிக்குக் கதவைத் திறக்கும்போது பேச்சைத் தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் களைத்திருப்பீர்கள். அவர் தப்பிக்கவே பார்ப்பார். பிள்ளைகள் உறங்குவதுபோல் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பின், மனம் அமைதியாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். அவருக்காக உறங்காமல் காத்திருக்க வேண்டியதில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு, அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு உறங்குங்கள். சுபுஹுக்கு எழ வேண்டியவர் நீங்கள்.

பேசும்போது, 'உங்களுக்குப் பொறுப்பே இல்லை' என்று சொல்வதால் பயனில்லை. பொறுப்பு என்பது பெரிய சொல். அதைக் கேட்டு எந்த ஆணும் திருந்தியதை நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு வேலைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாமியாரின் மருந்தும் மருத்துவரிடம் அழைத்துப் போவதும் ஒன்று; பெரியவனின் பள்ளிக்கூடம் மற்றொன்று. 'கொஞ்சம் உதவி செய்யுங்கள்' என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையது என்று ஆகிறது. முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள்: மாத்திரைச் சீட்டு, மருத்துவரின் தொலைபேசி எண், பள்ளி நாட்குறிப்பு அனைத்தையும். கொடுத்த பின், அவர் தம் முறையில் செய்தால் குறை சொல்லாதீர்கள். மறந்தால், உடனே ஓடிப்போய்ச் செய்துவிடாதீர்கள். உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து வரும் இடத்தில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. மருந்து நின்று போகும் வரை பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து, 'நேற்று வரவில்லையே' என்று அவருக்குத் தொலைபேசி வருமானால், அந்தக் கூச்சத்தை அவரே அனுபவிக்கட்டும்.

பிள்ளைகளைத் தூது விடாதீர்கள். 'போய் உன் அத்தாவைக் கூப்பிட்டு வா' என்று எட்டு வயதுச் சிறுமியைப் பதினொரு மணிக்கு டீக்கடைக்கு அனுப்பிய வீடும் உண்டு. அக்குழந்தைக்கு அது தாங்கக்கூடிய சுமை அன்று. அவர்கள் கேட்டால் அவருக்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். அவரைப் பழிக்கவும் வேண்டாம். 'அத்தா வெளியே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று எனக்குத் தெரியாது' என்பது உண்மை, அது போதும்.

நிக்காஹ் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார் ஆகியவை உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இதில் கணவருக்கு எதிரான சதி எதுவும் இல்லை. செலவுக்குத் தராத கணவரைப் பற்றி ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் போதுமான அளவை நியாயமாக எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். நியாயமான அளவு எது என்று சொல்வதற்கும் கணக்கு வேண்டுமல்லவா?

கை நீட்டினால், இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். பெற்றோர் வீட்டுக்குப் போங்கள். பிறகு எங்களிடம் வாருங்கள்.

மாமியார்களுக்கு ஒரு சொல். 'அவன் அத்தாவும் இப்படித்தான் இருந்தார், நான் சகித்துக்கொள்ளவில்லையா' என்று மருமகளிடம் சொல்கிறீர்கள். சகித்துக்கொண்டீர்கள்தான். அந்த இரவுகள் எப்படி இருந்தன என்பதை, மருமகளிடம் வேண்டாம், மகனிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது எங்களைப் பற்றியது. இந்த முறையீடுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது இரண்டு செய்திகள் எங்களுக்கு வெட்கத்தைத் தந்தன. அந்தக் கேரம் பலகை எங்கே இருந்தது? நம் ஜமாஅத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் மாடியில். வாடகை ரசீது கொடுப்பது நாங்கள். அங்கே விளக்கு ஒரு மணி வரை எரிவதை அறிந்தும், மாத வாடகை தவறாமல் வருகிறது என்று மகிழ்ந்திருந்தோம். இரண்டாவது, நிர்வாகக் கூட்டம். இஷாவுக்குப் பின் கூடி, தேநீர் அருந்தி, பொருளுக்கு வருவதற்கே பத்தரை ஆகிவிடும். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மனைவி, 'ஊரார் வீட்டைச் சரி செய்துவிட்டு நம் வீட்டுக்கு எப்போது வருவீர்கள்' என்று கேட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எங்களால் சிரிக்க இயலவில்லை. இப்போது மாடி பத்து மணிக்குப் பூட்டப்படுகிறது. வாடகையில் சிறிது குறைத்துக் கொடுக்க நேர்ந்தது. அது வரவு செலவில் தனி வரியாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கூட்டம் ஞாயிறு அஸருக்குப் பின் கூடி மஃரிபுடன் முடிகிறது. முன்பு மூன்று மணி நேரம் எதைப் பேசினோம் என்று இப்போது எங்களுக்கே விளங்கவில்லை.

சமரசம் செய்யும் முறையையும் மாற்றியிருக்கிறோம். கணவன் மனைவிக்கிடையே பிளவு அஞ்சப்படும் நிலையில், இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்பச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம். பிளவு ஏற்பட்ட பின் என்பதன்று, அஞ்சும் நிலையிலேயே என்பதை நாங்கள் இத்தனை நாள் கவனிக்கத் தவறினோம். தலாக் என்ற சொல் வரும் வரை காத்திருந்து, அதன் பிறகே ஆள் அனுப்பினோம். இப்போது அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாலும் பதிவு செய்கிறோம். முதலில் சகோதரிகள் இருவரும் தனியே கேட்கிறார்கள். பின்னர் கணவரின் பக்கத்தில் அவர் மதிக்கும் ஒருவரையும், மனைவியின் பக்கத்தில் ஒருவரையும் அமர்த்துகிறோம். கணவரிடம் கடன் உண்டா, உடல்நலம் எப்படி, கடை எப்படி என்று கேட்ட பிறகே நேரத்தைப் பற்றிக் கேட்கிறோம். அவர் ஏற்றுக்கொள்ளும் வேலைகளை அவர் கையாலேயே எழுதச் சொல்கிறோம். நாற்பது நாள் கழித்து மீண்டும் அமர்கிறோம். மிம்பரில் யாரையும் சாடிப் பேசுவதில்லை. அப்படிப் பேசியதால் ஒருவர் ஜும்ஆவுக்கே வராமல் போன அனுபவம் உண்டு.

நம்மால் முடியாததையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஜமாஅத் நீதிமன்றம் அன்று. தனியார் அமைப்புகள் கொடுக்கும் குலா சான்று செல்லாது, பெண்கள் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு தெளிவாக்கியுள்ளது. செலவுக்குத் தராத கணவரிடமிருந்து ஜீவனாம்சம் கோருவதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு இருக்கிறது. முன்பு 125 என்று நாம் அறிந்திருந்த அதே பிரிவுதான். திருமண பந்தத்தில் இருந்துகொண்டே இதைக் கோரலாம். கேட்டால் நிக்காஹ் முறிந்துவிடும் என்று பயமுறுத்துவது தவறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், செலவுக்கு இல்லாமல் வாட்டுவதையும் வன்முறையாகவே கொள்கிறது. இரண்டு ஆண்டுகள் பராமரிக்காமல் விட்டாலும், தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமைகளைச் செய்யாமல் விட்டாலும், மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமே சொல்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். வீட்டைப் பிரிக்கவா இதைச் சொல்கிறீர்கள் என்று சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. வாசல் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் வெளியேறுவதில்லை. வாசலே இல்லை என்று நம்ப வைத்து ஒரு பெண்ணை உள்ளே வைத்திருப்பதில் நமக்கு என்ன பெருமை?

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு வருவோம். அவர் கணவரின் பக்கத்தில், ரியாத்தில் அவருடன் ஒரே அறையில் இருந்த ஒருவரை அமர்த்தினோம். நாங்கள் மூன்று அமர்வில் சொல்ல இயலாததை அவர் ஒரே பேச்சில் சொன்னார். 'அங்கே இருக்கும்போது ராத்திரியானால் என்ன சொல்லி அழுதாய்? பிள்ளை முகம் பார்க்காமல் சாகிறேனே என்றாயே! இப்போது பிள்ளை அடுத்த தெருவில் இருக்கிறான், நீ இங்கே உட்கார்ந்திருக்கிறாய்' என்றார். அந்தக் கணவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு தாயாரின் மருத்துவம், பெரியவனின் படிப்பு, வீட்டுக்கான மின்கட்டணம், ஜமாஅத் சந்தா ஆகிய நான்கையும் தம் பொறுப்பாக எழுதிக் கொடுத்தார். வாரத்தில் ஐந்து இரவுகள் பத்து மணிக்குள் வீடு சேர்வதாகவும், இரண்டு இரவுகள் நண்பர்களுக்கு என்றும் ஒப்புக்கொண்டார். நட்பையே விடச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. மனைவியும் அதைக் கேட்கவில்லை.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். முதல் மாதம் நன்றாக நடந்தது. இரண்டாம் மாதம் ஐந்து இரவு மூன்றாயிற்று. நாற்பதாம் நாள் அமர்வில் மனைவி நோட்டை எடுத்து வைத்தார், கணவர் மறுக்கவில்லை. மின்கட்டணம் ஒருமுறை தவறி, இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்தபோது, அந்தப் பெண் தம்மிடம் பணம் இருந்தும் கட்டாமல் கணவரின் கடைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன் பின் தவறவில்லை. பெரியவன் இப்போது அத்தாவுடன் கடை சாத்திவிட்டு வருகிறான். இருவரும் வழியில் என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது, ஆனால் சேர்ந்து வருகிறார்கள். சில இரவுகளில் இன்னும் பன்னிரண்டு ஆகிறது.

சென்ற மாதம் அந்தச் சகோதரி சின்னவளின் மதரஸா கட்டணத்துக்காக அலுவலகம் வந்தார். ரசீது எழுதும்போது, சந்தா இரண்டு மாதம் நிலுவையில் இருப்பதைப் பார்த்த எங்கள் எழுத்தர், 'அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டுமா' என்று கேட்டார். அவர் பணப்பையை மூடிவிட்டு, 'அது அவர் கணக்கு. அவர் இஷாவுக்கு வருவார், நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே கேட்டோம், மறுநாள் கட்டிவிட்டார்.

வஸ்ஸலாம்.